கரை தெரியாத கப்பலுக்கு ஒரு கையேடு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில், கொஞ்சம் ஒதுங்கி நின்று கிழக்கே பாருங்கள். திரும்பி வரும் விசைப்படகுகளுக்கு அப்பால் அசையாமல் சில விளக்குகள் தெரியும். சென்னைத் துறைமுகத்திலோ, வடக்கே எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்திலோ நுழைய முறைக்காக நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் அவை. அவற்றுள் ஒன்றின் கேப்டன் இந்தக் கரைக்கு இதற்குமுன் வந்ததே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ராயபுரம் எது, திருவொற்றியூர் எது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக வந்து நிற்கிறார்.

அவரைக் கொண்டுவந்து சேர்த்ததில் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கடல் வரைபடத்தோடு கூடவே கப்பல்களில் ஒரு வழிகாட்டி நூலும் இருக்கும். பிரிட்டனின் நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் நூல்வரிசையில் நம் கடலுக்கான தொகுதியின் பெயர் ‘பே ஆஃப் பெங்கால் பைலட்’. துறைமுகத்துக்குள் கப்பலை நடத்திச் செல்வதற்காகக் கயிற்றேணியில் ஏறிவரும் மனிதருக்கும் பைலட் என்றுதான் பெயர். அந்த மனிதர் ஏறும்வரை அவர் வேலையை இந்தப் புத்தகம் செய்கிறது. எங்கே நங்கூரம் போடலாம், எங்கே போடக் கூடாது, எந்தப் பருவத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், கடலிலிருந்து பார்த்தால் கரையில் எது கண்ணில் படும் என்றெல்லாம் சொல்லும். எழுதியவருக்குக் கரை தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைத்து எழுதப்பட்ட நூல் அது.

இன்று இதே மாதிரியான எழுத்து வேலை ஒன்று புதிதாகப் பிறந்திருக்கிறது. படிப்பவர் மட்டும் மனிதர் இல்லை.

வாசகன் ஓர் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு ‘ஏஜெண்ட்’ என்று சொல்கிறார்களே, அதன் நடுவில் இருப்பது ஒரு மொழி மாதிரி. எழுத்தை வாங்கி எழுத்தைத் தருவதே அதன் அடிப்படை வேலை. அது தானாக இணையத்துக்குள் போகாது, யூடியூபைத் திறக்காது. அதைச் சுற்றியிருக்கும் நிரல் அதனிடம் ஒரு பட்டியலை நீட்டுகிறது: ‘உன் கைவசம் இந்தக் கருவிகள் உள்ளன. இதன் பெயர் இது, இது செய்யும் வேலை இது, இதற்குக் கொடுக்க வேண்டிய விவரங்கள் இவை.’ பயனாளர் கேள்வி கேட்டதும், மாதிரி அந்தப் பட்டியலைப் படித்து, ‘இந்தக் கருவியை, இந்த விவரங்களோடு இயக்கு’ என்று ஒரு கோரிக்கையை எழுதுகிறது. நிரல் அதை இயக்கி, வந்த விடையை எழுத்தாகத் திருப்பிக் கொடுக்கிறது. மாதிரி அதைப் படித்துவிட்டு அடுத்த அடியை முடிவு செய்கிறது.

கருவிக்குள் இருக்கும் நிரல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மாதிரியின் கண்ணில் அது படாது. அதற்குத் தெரிவது விளக்கமாக எழுதப்பட்ட நான்கு வரிகள்தான். கேப்டனுக்குப் புத்தகத்தில் உள்ள கரைதான் கரை. அதுபோல ஏஜெண்டுக்கு விளக்கத்தில் உள்ள கருவிதான் கருவி.

இந்த ஏற்பாடு பரவலானது அண்மையில்தான். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மாதிரிகளுக்கு இப்படிக் கருவிகளைப் பட்டியலிட்டுத் தரும் வசதியை வெளியிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையைத் திறந்துவிட்டது. அதிலும் ஒரு கருவிக்குப் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவையே அடிப்படை. இவற்றுக்கு நடுவே, 2023 ஆகஸ்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகம், கூகுள் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘இப்படிப் பயன்படுத்து’ என்று மாதிரிக்குச் செய்துகாட்டல்கள் பல கொடுப்பதற்குப் பதிலாக, கருவியின் விளக்கக் குறிப்பை மட்டும் கொடுத்தாலே அதே அளவுக்குச் சரியாகச் செய்கிறது என்று அவர்களுடைய சோதனைகளில் தெரிந்தது. அப்படியென்றால் அந்தக் குறிப்பை எழுதுகிறவரின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

ஒரு வரியின் விலை

திருவொற்றியூரில் ஒரு கல்லூரி மாணவி தன் ஏஜெண்டிடம் கேட்கிறாள்: “எண்ணூர்ல ஆயில் கலந்தப்போ நம்ம ஏரியா மீனவங்க போட்ட வீடியோ எல்லாம் தேடி எடுத்துக் குடு.” ஏஜெண்டிடம் உள்ள கருவிகளுள் ஒன்றை மட்டும் பார்ப்போம். யூடியூபில் குறிப்பிட்ட சேனலுக்குள் வீடியோக்களைத் தேடித்தரும் கருவி. அதன் விளக்கம் ஒரு வரி: ‘சேனல் வீடியோக்களைத் தேடும்.’

எழுதியவருக்கு இந்த வரி போதும். கருவியைச் செய்தவரே அவர்தான். ஏஜெண்டுக்கோ ஒவ்வொரு சொல்லிலும் சந்தேகம். ‘சேனல்’ என்றால் என்ன கொடுக்க வேண்டும்? மக்கள் அழைக்கும் பெயரா, 2022இல் யூடியூப் கொண்டுவந்த ‘ஹேண்டில்’ என்ற முகவரியா, யூடியூப் உள்ளுக்குள் வைத்திருக்கும் 24 எழுத்து அடையாளமா? பெயர் என்றால், ஒரே பெயரில் பல சேனல்கள் இருக்கலாம். 24 எழுத்து அடையாளம் ஒரு சேனலுக்கு ஒன்றுதான். விளக்கத்தில் இதைச் சொல்லாவிட்டால் ஏஜெண்ட் ‘எண்ணூர் மீனவர்’ என்ற சொல்லையே சேனல் அடையாளமாகக் கொடுத்துப் பார்க்கும். இன்னும் மோசமாக, 24 எழுத்துகளைத் தானே கற்பனையாகக் கோத்து அனுப்பிவிடவும் கூடும். மொழி மாதிரிகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ‘அடையாளம் தெரியாவிட்டால் ஊகிக்காதே. முதலில் சேனலைக் கண்டுபிடிக்கும் கருவியை இயக்கு’ என்று ஒரு வரி எழுதிவைத்தால் அந்தத் தவறு பெரும்பாலும் நின்றுபோகும்.

நம்மூரில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கே இன்னொரு பொருளும் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்குச் சேனல் என்றால் கப்பல் உள்ளே வர ஆழப்படுத்திய நீர்வழி. ‘எண்ணூர் சேனல்’ என்று யாராவது கேட்டால், அவர் தேடுவது யூடியூப் சேனலையா, தூர்வாரும் செய்தியையா? மனிதர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இயந்திரத்துக்கு எழுதித்தான் காட்ட வேண்டும்.

பெயர்கள் நிறைந்த கரை

வடசென்னையில் ஓர் இடத்துக்கு ஒரே ஒரு பெயர் இருப்பது அபூர்வம். எண்ணூரில் 2001இல் திறக்கப்பட்ட துறைமுகம் 2014 முதல் காமராஜர் துறைமுகம். பழைய வீடியோக்களின் தலைப்பில் ஒரு பெயர், புதியவற்றில் இன்னொன்று. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தைச் செய்தித்தாள்கள் ‘எண்ணூர் கழிமுகம்’ என்று எழுதும். அங்கே வலை போடுபவர்களுக்கு அது ‘முகத்துவாரம்’. அரசு ‘எண்ணெய்க் கசிவு’ என்று எழுதுவதைக் குப்பத்தில் ‘ஆயில்’ என்றுதான் சொல்வார்கள்.

எழுத்துமுறையும் சேர்ந்து குழப்பும். 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா பாடி, எண்ணூர்க் கழிவெளியில் படமாக்கப்பட்டு வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பலருக்கும் நினைவிருக்கும். கபேர் வாசுகி எழுத, ரதீந்திரன் பிரசாத் இயக்கிய காணொளி அது. அதில் வரும் ‘புறம்போக்கு’ என்ற சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும்போது, நம் காதில் விழுகிறபடி பெரும்பாலும் எழுதுவதில்லை. வருவாய்த்துறை ஆவணங்களில் ஆங்கிலேயர் காலம் முதல் இருந்துவரும், ‘பொரம்போக்’ என்று படிக்கத்தக்க எழுத்துக்கூட்டலே நிலைத்துவிட்டது. தமிழ் எழுத்தில் தேடுபவர், ஒலிப்படி ரோமனில் தேடுபவர், பழைய எழுத்துக்கூட்டலில் தேடுபவர் மூவரும் ஒரே பாடலைத் தேடுகிறார்கள். மூன்று தேடலுக்கும் ஒரே விடை வரும் என்று நம்பியிருக்க முடியாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று கண்ணுக்கே தெரியாமல் இருக்கிறது. ‘திருவொற்றியூர்’ என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினிக்குள் யூனிகோட் முறைப்படி ‘த’, இகரக் குறி, ‘ர’, உகரக் குறி என்று ஒவ்வொன்றாக எண்ணினால் 14 குறிகள். ஆனால் ‘வொ’வில் இருக்கும் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் வைக்கலாம். இரண்டாவது முறையில் மொத்தம் 15 குறிகள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் குறிக்குக் குறி ஒப்பிடும் நிரலுக்கு அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். இந்த இரு வடிவங்களும் சமம் என்று யூனிகோட் விதி சொல்கிறது, ஒன்றை மற்றதாக மாற்றும் வழியையும் வகுத்திருக்கிறது. கருவியைச் செய்பவர் தேடலுக்கு முன் அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும். செய்தாயிற்று என்று விளக்கத்திலும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், ஏஜெண்ட் ஒரே சொல்லை வீணாக இரண்டு முறை தேடும், அல்லது தேட வேண்டியபோது தேடாமல் விடும்.

ஆகவே நல்ல விளக்கம் ஒன்று ‘தேடல் சொல்’ என்பதோடு நிற்காது. ‘ஊர்ப்பெயர்களைத் தமிழிலும் ரோமனிலும், பழைய பெயரிலும் புதிய பெயரிலும், பேச்சுவழக்கிலும் தனித்தனியாகத் தேடிப் பார்’ என்று சொல்லும்.

எந்த நாள், எந்த நேரம்

எண்ணூரில் எண்ணெய் கலந்தது ஒரு முறை மட்டும் நடந்ததா? 2017 ஜனவரி 28 அதிகாலையில் துறைமுகத்துக்கு வெளியே ‘பிடபிள்யூ மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெய்ப் படலத்தை மனிதர்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம்வரை பரவியது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாகப் படிந்தது. மாணவியின் கேள்வி எதைப் பற்றியது? தேதி வரம்பு இல்லாமல் தேடினால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஏறக்குறைய ஏழு ஆண்டு இடைவெளியுள்ள இரு துயரங்கள் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்.

தேதி வரம்பு கொடுத்தாலும் ஒரு கண்ணி உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் வீடுகளை விட்டு வெளியே ஓடினார்கள். அன்றிரவு 12.30 மணிக்கு, அதாவது 27ஆம் தேதி பிறந்து அரை மணி நேரத்தில், ஒருவர் வீடியோ போட்டார் என்று வைத்துக்கொள்வோம். யூடியூபின் ஏபிஐ, அதாவது நிரல்கள் அதனிடம் தகவல் கேட்கும் வாசல், வெளியீட்டு நேரத்தை உலகப் பொது நேரத்தில் தருகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். எனவே அந்த வீடியோவின் நேரம் 26ஆம் தேதி மாலை 7 மணி என்று பதிவாகும். ‘27ஆம் தேதி முதல்’ என்று உலக நேரத்தில் தேடினால் அது விடுபடும். நிகழ்ச்சியின் முதல் சாட்சியே வலையில் சிக்காமல் போய்விடும். ‘நேரம் உலகப் பொது நேரம். இந்திய நேரத்தில் கேட்டால் ஐந்தரை மணி கழித்துக்கொள். இது வெளியிட்ட நேரமே தவிர, படம் பிடித்த நேரம் அல்ல’ என்ற மூன்று சிறு வாக்கியங்கள் அந்தச் சாட்சியைக் காப்பாற்றும்.

கணக்கு

தேடல் இலவசம் என்று நாம் நினைக்கிறோம். நிரல்களுக்கு அப்படி இல்லை. யூடியூபின் ஏபிஐ நெடுங்காலமாக ஒரு திட்டத்துக்கு நாளொன்றுக்கு 10,000 அலகுகளை இயல்பு வரம்பாக வைத்து, ஒரு தேடலுக்கு 100 அலகு கழித்து வந்திருக்கிறது. அதாவது நாளுக்கு 100 தேடல். ஒவ்வொரு சேனலிலும் ஒவ்வொரு பெயர் வடிவத்துக்கும் ஒரு தேடல் என்று ஆர்வமுள்ள ஏஜெண்ட் ஒன்று ஓடினால், பத்துச் சேனல்களையும் பத்துப் பெயர் வடிவங்களையும் தொட்டவுடனே அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். வரம்பு மறுபடி நிரம்புவது அமெரிக்க மேற்குக்கரையின் நள்ளிரவில், நமக்குப் பருவத்தைப் பொறுத்து மதியம் 12.30 அல்லது 1.30 மணிக்கு.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் அது ஏற்றிய வீடியோக்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒரு பக்கத்துக்கு 50 வீடியோ, பக்கத்துக்கு 1 அலகு. 2,000 வீடியோ உள்ள சேனல் முழுவதையும் 40 அலகில் புரட்டிவிடலாம். ஒரே ஒரு தேடலின் செலவில் பாதிகூட ஆகாது. கருவியை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். எப்போது வேண்டாம் என்று எழுதுபவர்கள் குறைவு. பைலட் நூலில் ‘இங்கே நங்கூரம் போடாதே’ என்ற வரி எவ்வளவு முக்கியமோ, இங்கே அந்த ‘வேண்டாம்’ அவ்வளவு முக்கியம்.

விளக்கம் பழசாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. 2001க்கு முந்தைய கையேட்டோடு வரும் கப்பலுக்கு எண்ணூரில் துறைமுகமே கிடையாது. அதனால்தான் டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் ‘மாலுமிகளுக்கான அறிவிப்பு’களைத் தொடர்ந்து வெளியிடுகிறது. கப்பலில் உள்ளவர்கள் அவற்றைப் பார்த்து வரைபடத்தில் திருத்தம் போடுகிறார்கள். யூடியூபும் 2023 ஆகஸ்ட் 7 அன்று, ‘இந்த வீடியோவோடு தொடர்புள்ளவற்றைத் தேடு’ என்ற உள்ளீட்டைத் தன் தேடலிலிருந்து நீக்கியது. அதை இன்னும் விளக்கத்தில் வைத்திருக்கும் கருவி, இல்லாத வாசலைக் காட்டுகிறது.

வெள்ளை இடம்

கடல் வரைபடத்தில் சிறு சிறு எண்கள் சிதறிக் கிடக்கும். அந்தந்த இடத்தில் அளந்த ஆழம் அது. நடுவே எண் எதுவும் இல்லாத வெள்ளைப் பரப்பும் இருக்கும். பயிற்சி மாலுமிக்குச் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று: வெள்ளையாக இருப்பதால் அங்கே ஆபத்தில்லை என்று நினைக்காதே. அங்கே யாரும் போதுமான அளவு அளக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

தேடல் கருவி திருப்பித் தரும் காலிப் பட்டியலும் அப்படிப்பட்ட வெள்ளை இடம்தான். அது காலியாக வருவதற்குக் காரணங்கள் பல. சொல் பொருந்தாமல் போயிருக்கலாம். தேதி ஐந்தரை மணி பிசகியிருக்கலாம். அன்றைய அலகுகள் தீர்ந்து, பிழைச் செய்தியைக் கருவி விழுங்கிவிட்டு வெறும் பட்டியலைக் கொடுத்திருக்கலாம். பட்டியல் நிறைந்து வந்தாலும் முழுமை என்று சொல்ல முடியாது. ஒரு சேனலுக்குள் வீடியோ தேடினால் அதிகபட்சம் 500 முடிவுகளே தரப்படும் என்று யூடியூபின் ஆவணமே சொல்கிறது. ஆயிரக்கணக்கில் வீடியோ போட்ட செய்திச் சேனலில் ஒரு தேடலின் 501ஆவது முடிவு எட்டாது. இதெல்லாம் விளக்கத்தில் இல்லாவிட்டால், ஏஜெண்ட் காலிப் பட்டியலைப் பார்த்துவிட்டு மாணவியிடம் ‘அப்படிப்பட்ட வீடியோக்கள் எதுவும் இல்லை’ என்று தெளிவான தமிழில், தயங்காமல் சொல்லிவிடும்.

‘கிடைக்கவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடையில் உள்ள தூரம் எண்ணூரில் வாழ்பவர்களுக்குத் தெரியும். ஆற்றில் எண்ணெய் மிதந்ததையும், மீன் செத்து ஒதுங்கியதையும், காற்றில் நெடி ஏறியதையும் அவர்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் நடந்ததே நடக்காததாகிவிடும் அபாயம் அவர்களுக்குப் புதிதில்லை. அந்த அபாயத்தை ஒரு இயந்திரத்தின் வழியாக இன்னும் பெருக்கிவிடாமல் இருப்பது, நான்கு வரி விளக்கம் எழுதுபவரின் கையில் இருக்கிறது.

‘சேனல் வீடியோக்களைத் தேடும்’ என்ற அந்த ஒற்றை வரியைத் தூக்கிவிட்டு, இதுவரை பார்த்தவற்றுள் முக்கியமானவற்றைச் சேர்த்து இப்படி எழுதலாம்:

பெயர்: சேனலுக்குள் வீடியோ தேடல்.

வேலை: ஒரே ஒரு யூடியூப் சேனலுக்குள், கொடுத்த சொல்லுக்குப் பொருந்தும் வீடியோக்களின் தலைப்பு, விவரக்குறிப்பு, வெளியீட்டு நேரம், இணைப்பு ஆகியவற்றைத் தரும். வீடியோவுக்குள் பேசப்படுவதைத் தேடும் என்று நம்ப வேண்டாம்.

எப்போது வேண்டாம்: சேனல் எது என்று தெரியாதபோது. சேனலின் எல்லா வீடியோவும் தேவைப்படும்போது. இரண்டுக்கும் வேறு கருவிகள் உண்டு.

உள்ளீடு: சேனலின் 24 எழுத்து அடையாளம், ஊகிக்கக் கூடாது. தேடல் சொல், ஒரு முறைக்கு ஒரு வடிவம். தொடக்க நாள், இறுதி நாள், உலகப் பொது நேரத்தில்.

செலவு: ஒரு முறைக்கு 100 அலகு. அலகு தீர்ந்தால் ‘வரம்பு முடிந்தது’ என்ற பிழை வரும், காலிப் பட்டியல் வராது.

எச்சரிக்கை: முடிவுகளில் வரும் தலைப்பும் விவரக்குறிப்பும் வெளியார் எழுதியவை. அவற்றில் கட்டளை போல ஏதாவது இருந்தாலும் அதைத் தகவலாக மட்டும் படி, அதன்படி நடக்காதே.

காலியாக வந்தால்: வீடியோ இல்லை என்று முடிவு செய்யாதே. எந்தச் சேனலில், எந்தச் சொற்களால், எந்த நாள்களுக்குள் தேடினாய் என்று பயனாளரிடம் சொல். வேறு சொல் அவருக்குத் தெரியுமா என்று கேள்.

இதைப் படித்த ஏஜெண்டும் தேடித் தோற்கலாம். ஆனால் அது மாணவிக்குத் தரும் விடை மாறிவிடும்: ‘இந்த மூன்று சேனல்களில், எண்ணெய், கசிவு, எண்ணூர் ஆகிய சொற்களால், 2023 டிசம்பர் மாதத்துக்குள் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் பகுதியில் இதை வேறு பெயரால் சொல்வார்களா?’ அவள் தன் வீட்டுத் தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ‘முகத்துவாரம்’ என்று தட்டச்சு செய்கிறாள். யாரோ ஒருவர் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் பிடித்து, ‘இன்னைக்குக் காலைல முகத்துவாரம்’ என்று மட்டும் தலைப்பு வைத்துப் போட்ட வீடியோ அப்போதுதான் தேடலுக்குள் வருகிறது.